இருபத்து மூன்றாம் ஆணி

என் அத்தை மகனுக்குச் சூரப்புலி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது வேறு யாரும் இல்லை, அவனேதான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினொன்று. என்னைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவன். ஆனால் அந்த ஒரு வருடத்தில் உலகத்தையே மூன்று சுற்று சுற்றி வந்தவனைப் போலப் பேசுவான். சைக்கிளைப் பற்றிப் பேச்சு வந்தால், கையை விட்டு ஓட்டியிருப்பான். நாயைப் பற்றிப் பேச்சு வந்தால், ஐந்து நாய்களை ஒற்றை ஆளாக விரட்டியிருப்பான். எனக்கு அவன் வைத்திருக்கும் பெயர் வாயாடி. யார் யாரைச் சொல்வது, பாருங்கள்.

விடுமுறையில் அத்தையும் மாமாவும் எங்கள் இரண்டு பேரையும் தீவுக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். என் அப்பா அம்மாவுக்குச் சலவைக் கடையில் வேலை தலைக்கு மேல் இருந்ததால் வரவில்லை. அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே பெரிய பாடு. மாமா லாரி ஓட்டுகிறவர். தான் ஓட்டாத எந்த வண்டியில் ஏறினாலும் ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுவார். ஃபெர்ரியிலும் அப்படித்தான், கயிறு அவிழ்ப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

முக்கால் மணி நேரப் பயணம். சூரப்புலி ஒரு கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். தீவைச் சுற்றி ஒரு தடவை நீந்தி வரப்போகிறானாம். அலை கொஞ்சம் பெரிதாக வந்து படகு ஆடியபோதெல்லாம் அவன் குரலும் பெரிதானது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். நான் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தீவில் இறங்கியதும் முதலில் இருந்தது ஓர் ஓலைக் கொட்டகை. அதன் பலகைச் சுவரில் வரிசையாக நாற்பது ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கு மேலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண். ஒவ்வோர் ஆணியிலும் அதே எண் எழுதிய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் தொங்கியது. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருந்தார். கழுத்தில் விசில், இடுப்பில் சுருட்டிச் செருகிய பச்சைக் கொடி. எங்களைப் போன்ற பிள்ளைகளைக் கண்டதும் நிற்க வைத்து ஒரு சட்டம் சொன்னார்.

"இந்தச் சுவத்துல நாப்பது ஆணி இருக்கு. மிதவைக் கயித்தத் தாண்டிக் கடலுக்குள்ள போற எல்லாரும் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் போகணும். சாயங்காலம் நாப்பதுலயும் ஜாக்கெட் தொங்கணும். ஒரு ஆணி காலியா இருந்தாக்கூட, கடல்ல ஒரு ஆள் இருக்குன்னு அர்த்தம். நான் கொடி காட்டாம ஃபெர்ரி கிளம்பாது."

வந்தவர்களின் சீட்டை வைத்து எண்ணினால் போதாதா என்று கேட்டேன். வாயாடி அல்லவா. கொட்டகை அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஃபெர்ரியில் வந்தவர்களைச் சீட்டை வைத்து எண்ணலாம், சொந்தப் படகில் வந்து போகிறவர்களை எதை வைத்து எண்ணுவது என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

காலை முழுவதும் நான் தண்ணீரிலேயே கிடந்தேன். பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் பன்னிரண்டு வகுப்பு போயிருக்கிறேன். அழகாக நீந்துவேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மூழ்க மாட்டேன். சூரப்புலி முழங்கால் அளவுத் தண்ணீரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். இங்கே அலையே இல்லை, இதெல்லாம் குழந்தைகள் குளிக்கிற இடம், தனக்குச் சரிப்படாது என்றான். நான் நீந்துவதைப் பார்த்து, தவளை தண்ணீரில் விழுந்தால் இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னான். எனக்கு எரிச்சலாக வந்தது.

பதினோரு மணிக்கு வாழைப்பழப் படகு. நிஜப் படகு இல்லை அது. காற்றடைத்த நீளமான மஞ்சள் பலூன். எட்டுப் பேர் குதிரையில் உட்காருவதைப் போல அதன்மேல் உட்கார வேண்டும். முன்னால் ஒரு மோட்டார் படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டோம். சூரப்புலி எல்லாரையும் தள்ளிக்கொண்டு முதல் இடத்தைப் பிடித்தான்.

கடைசிச் சுற்றில் மோட்டார் படகுக்காரர் சட்டென்று திருப்புவார், மஞ்சள் பலூன் கவிழும், எல்லாரும் தொபீர் என்று தண்ணீரில் விழுவார்கள். அதற்காகத்தான் அதில் ஏறுவதே. விழுந்த அடுத்த நொடியே ஜாக்கெட் நம்மை மேலே தூக்கிவிடும். நாங்கள் ஏழு பேரும் தும்மிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் மிதந்தோம். சூரப்புலியும் மிதந்தான். ஆனால் அவன் சிரிக்கவில்லை. முகம் பேயறைந்ததைப் போல இருந்தது.

கரைக்கு வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அதன்பிறகு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மத்தியானம் அத்தை ரொட்டியும் முட்டையும் நீட்டியபோது வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். கொட்டகைப் பக்கமாகவே போய் உட்கார்ந்துகொண்டான்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. காலையிலிருந்து என்னைத் தவளை என்றவன் அல்லவா. பக்கத்தில் போய், "என்ன, சூரப்புலி பூனையாயிடுச்சா?" என்றேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே துடுப்புப் படகு ஓட்டப் போய்விட்டேன்.

சாயங்காலம் கடைசி ஃபெர்ரிக்கு எல்லாரும் வரிசையில் நின்றோம். கொட்டகை அக்கா ஆணிகளை எண்ண ஆரம்பித்தார். ஒரு தடவை எண்ணினார். விரலை நீட்டி மறுபடி எண்ணினார். அப்புறம் இருபத்து மூன்றாம் ஆணிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த ஆணி காலியாக இருந்தது.

விசில் நீளமாக அலறியது. எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். தாய்மார்கள் அவரவர் பிள்ளைகளை இழுத்து அணைத்து எண்ணினார்கள். அத்தை எங்கள் இரண்டு பேர் தலையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நின்றவர்களில் யாரும் குறையவில்லை. அப்படியானால் குறைவது யார்? தனியாக வந்தவராக இருந்தால், காணோம் என்று சொல்லக்கூட ஆள் இருக்காதே.

கரையில் காவலுக்கு நின்ற உயிர்காக்கும் அண்ணன் சிவப்பு மிதவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். மோட்டார் படகு மிதவைக் கயிற்றுக்கு அப்பால் வட்டமடித்தது. அண்ணன் முங்கினார், வெளியே வந்து மூச்சு வாங்கினார், மறுபடி முங்கினார். கரையில் அவ்வளவு கூட்டம் நின்றும் ஒரு சத்தம் இல்லை.

ஃபெர்ரி ஓட்டுபவர் இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரத்தில் இருந்தார். தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் போனால் படகின் அடி மணலில் தட்டும் என்றார். அப்புறம் கொட்டகை அக்காவிடம், "நல்லாத்தான் எண்ணினியாம்மா? துணி காயப்போட்ட இடத்துல எங்கயாச்சும் விட்டிருப்ப" என்றார்.

"இல்லண்ணா. சரியாத்தான் எண்ணினேன்" என்றார் அக்கா. ஆனால் தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதைப் போல மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

"யார் பெத்த பிள்ளையோ" என்று அத்தை முணுமுணுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் நான் சூரப்புலியைப் பார்த்தேன். எல்லாரும் கடலைப் பார்த்தபடி நிற்க, அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமாவின் முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தான். குளிருகிறது என்று சொல்லித்தான் வாங்கியிருந்தான். குளிருகிறவனுக்கு நெற்றியில் ஏன் வியர்வை ஓடுகிறது? இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலையில் குச்சி மாதிரி வந்தவன் இப்போது பூசணிக்காய் மாதிரி இருந்தான். அவ்வளவு கடலையும் தேடினார்களே, இவனை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நகர்ந்து போய் அவன் வயிற்றில் ஒரு விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போகவில்லை. தடியாக, மெத்தையாக ஏதோ இருந்தது. அவன் முழித்த முழியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

அவன் கையைப் பிடித்துக் கொட்டகையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். மென்று விழுங்கினான். அப்புறம் மொத்தமாகக் கொட்டினான். காலையில் தலை தண்ணீருக்குள் போனபோது எந்தப் பக்கம் வானம் என்றே தெரியவில்லையாம். இந்தப் பெரிய படகு கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று மத்தியானத்திலிருந்து அதே நினைப்பாம். அவனுக்கு நீந்தவே தெரியாதாம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஊர் போய்விட்டு, அப்புறம் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடலாம் என்று நினைத்தானாம்.

"ஆணி விஷயம் மறந்தே போச்சு" என்றான். "விசில் ஊதினதும்தான் ஞாபகம் வந்துச்சு. உடனே சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். அதுக்குள்ள அந்த அண்ணன் குதிச்சுட்டாரு. இப்ப எப்படிச் சொல்றது? எல்லாரும் சிரிப்பாங்க. நீதான் முதல்ல சிரிப்ப."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவன் சொன்னது பொய் இல்லை. மத்தியானமே சிரித்துவிட்டுத்தானே போனேன்.

"சிரிக்க மாட்டேன்" என்றேன்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பின்பக்கப் பலகை ஒன்று பெயர்ந்திருந்தது. அதன் வழியாகக் கையை விட்டு யாருக்கும் தெரியாமல் ஆணியில் மாட்டிவிடலாம், தேடுவதும் நின்றுவிடும், நமக்கும் ஆபத்தில்லை என்றான். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. நான்கூட ஒரு நிமிடம் அந்த இடுக்கை எட்டிப் பார்த்தேன். இடுக்கு வழியாகக் கொட்டகை அக்கா தெரிந்தார். நாலாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"வேணாம்டா. அப்புறம் அந்த அக்கா தப்பா எண்ணிட்டாங்கன்னு ஆயிடும். நாளைக்கு நிஜமாவே ஒரு ஆள் காணாம போயி, அவங்க விசில் ஊதினா யாரு நம்புவாங்க?"

கடல் பக்கம் அண்ணன் மறுபடி முங்குகிற சத்தம் கேட்டது.

"நீ கூட வர்றியா?" என்றான்.

வருகிறேன் என்றேன். அவன் கை ஐஸ் மாதிரி இருந்தது. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் நின்றோம். சூரப்புலி வாயைத் திறந்தான். ஊரே அதிரப் பேசுகிறவனுக்குக் காற்றுதான் வந்தது. கடைசியில் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளே ஆரஞ்சு நிறம். நெஞ்சின் நடுவில் வெள்ளையில் இருபத்து மூன்று.

அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினார். தண்ணீரில் இருந்த அண்ணன் கையைத் தூக்கிவிட்டுக் கரைக்குத் திரும்பினார்.

"நான்... பயத்துல..." என்றான் சூரப்புலி. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. "தப்புதான் அக்கா. நான்தான் எடுத்தேன்."

"அரை மணி நேரமா என் உசிரு என்கிட்ட இல்ல, தெரியுமா?" என்றார் அக்கா. திட்டத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவனைப் பார்க்கப் பார்க்கக் குரல் இறங்கிவிட்டது. "பயமா இருந்தா கேட்டிருக்கலாமேப்பா."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அத்தை வேகமாக வந்து மகனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஜாக்கெட்டைக் கழற்ற விட்டிருக்க வேண்டும், விடவில்லை. தொப் என்று சத்தம் வந்ததே தவிர, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைதான் கையை உதறிக்கொண்டாள். அப்புறம் அதே கையால் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உயிர்காக்கும் அண்ணன் சொட்டச் சொட்ட வந்து நின்றார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. சூரப்புலி அவரிடம் மன்னிப்புக் கேட்டான். அண்ணன் அவன் தலையில் ஈரக் கையை வைத்து, ஆள் கரையில் இருந்தால் எனக்கு அது போதும் என்றார். ஃபெர்ரி ஓட்டுபவர் பிடரியைச் சொறிந்துகொண்டு அக்காவிடம், "உன் கணக்கு சரிதாம்மா" என்றார். அக்கா ஜாக்கெட்டை வாங்கி இருபத்து மூன்றாம் ஆணியில் மாட்டினார்.

இத்தோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். பச்சைக் கொடி ஆடியது. எல்லாரும் திமுதிமுவென்று ஏறினார்கள். சூரப்புலி மட்டும் ஏறும் பலகையின் நுனியில் நின்றுவிட்டான். ஒரு காலைப் பலகையில் வைத்தான், எடுத்தான். கீழே தண்ணீர் சளப் சளப் என்று பலகையை அடித்தது. மறுபடி வைத்தான், எடுத்தான்.

மாமா, ஆம்பளைப் பிள்ளை இப்படிப் பயப்படலாமா என்றார். அத்தை, கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடு என்றாள். மேல் தளத்திலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் வற்றுகிறது என்று ஓட்டுபவர் மணியை அடித்தார். ஒவ்வொரு மணிக்கும் சூரப்புலி இன்னும் கொஞ்சம் சுருங்கினான். மாமா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறத் தயாரானார். பன்னிரண்டு வயதுப் பையனை அத்தனை பேர் முன்னால் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனால் அவன் அப்புறம் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பான்?

நான் குடுகுடுவென்று பலகையில் ஓடி, சீட்டுக் கிழிப்பவரிடம் போனேன். படகில் லைஃப் ஜாக்கெட் இல்லையா என்று கேட்டேன். ஏன் இல்லை, பெஞ்சுக்கு அடியில் பெட்டி பெட்டியாக இருக்கிறது, இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை என்றார்.

"எனக்கு ஒண்ணு வேணும். எனக்குப் பயமா இருக்கு" என்றேன். வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். வாயாடியாக இருப்பதில் இப்படி ஒரு வசதி உண்டு.

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டுக் கிழிப்பவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த ஜாக்கெட்டில் இரண்டு விரல் தூசி. தும்மிக்கொண்டே மாட்டினேன். பெரியவர்கள் அளவு அது, என் காது வரை வந்தது. அப்படியே இறங்கிப் போய் இன்னொன்றைச் சூரப்புலியிடம் நீட்டினேன். அவன் ஜாக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாங்கி மாட்டி, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, என் பின்னாலேயே ஏறிவிட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் முன் பெஞ்சில் இரண்டு ஆரஞ்சு மூட்டைகளாக உட்கார்ந்தோம். யாரோ சிரித்தார்கள். நான் முறைத்தேன். சிரிப்பு நின்றது.

அப்போது பெரிய மீசை வைத்த ஒருவர் எழுந்து சீட்டுக் கிழிப்பவரிடம் போனார். "எனக்குச் சேர்ற அளவுல ஒண்ணு கிடைக்குமா?" என்று காதோடு கேட்டார். காதோடு கேட்டதாக அவர் நினைத்தார், எல்லாருக்கும் கேட்டது. பின்னாலேயே ஓர் அம்மா தனக்கும் கைக்குழந்தைக்கும் கேட்டார். அப்புறம் கல்லூரி அக்காக்கள் மூன்று பேர். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதவரைப் போல வேறு பக்கம் பார்த்தார். அப்புறம், கடல் காற்று சில்லென்று அடிக்கிறது, குளிருக்குத்தான் என்று சொல்லி அவரும் ஒன்றை மாட்டிக்கொண்டார். படகு கரையை விடுவதற்குள் பாதிப் பேர் ஆரஞ்சு நிறமாகிவிட்டார்கள். சீட்டுக் கிழிப்பவர் தூசி தட்டித் தட்டியே களைத்துப்போனார்.

படகு ஆடியது. சூரப்புலி பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஆனால் கதை விடவில்லை, கத்தவும் இல்லை. தீவு சின்னதாகிக்கொண்டே போனது. பாதி வழியில்தான் அவன் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தான்.

"உனக்கு நிஜமாவே பயமா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இருந்துச்சு" என்றேன்.

"பொய் சொல்லாத. நீதான் நல்லா நீந்துறியே."

"படகைப் பாத்துப் பயப்படல. நீ ஏறாம அங்கயே நின்னுடுவியோன்னுதான் பயந்தேன்."

சூரப்புலி பெஞ்சைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கையையும் எடுத்தான். அத்தையின் பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிஸ்கட்டை என்னிடம் நீட்டினான்.